கட்டுமரம்: சொல்லும் கலமும்

நீரில் இயங்கும் ஊர்திகளுக்குத் தமிழில் பெயர்கள் பல. புணை, மிதவை, அம்பி, ஓடம், தோணி, திமில், வங்கம், நாவாய் என அவை விரியும். இவற்றினும் எளிய 'கட்டுமரம்' என்னும் மீனவர் சொல்லே இன்று உலகப் பந்தயக் களங்களில் ஒலிக்கின்றது. இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகை உலகோர் 'கட்டமரான்' என்பர். 2013இல் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் நடந்த அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் பாய்ந்தவை இவ்வகைப் பாய்மரப் படகுகளே. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளில் வழங்கிய பெயர் அங்ஙனம் சென்றது எவ்வாறு என்பதையும், பெயர் சென்றபின் கலம் என்னவாயிற்று என்பதையும் ஈண்டுக் காண்போம்.

கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்திற்கும் விரியும். வகுப்பறையில் 'ஊறுகாய்' ஒன்றையே சொல்லிச் சலித்த நமக்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது. ஏனெனில், இக்கலம் ஒருமுறை கட்டி முடிக்கப்படுவதன்று. கரையேறியதும் மீனவர் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். நீர் உறிஞ்சிக் கனத்த மரம் உலர்ந்தாலன்றி நன்கு மிதவாது. கடலுக்குச் செல்லும் வேளையில் மீண்டும் கட்டுவர்.

எடை குறைந்த மரங்களைத் தேர்ந்து, முனை ஒடுங்கி மேல்நோக்கி வளையுமாறு செதுக்கி, மூன்று முதல் ஏழு வரை வரிசையாக அடுக்கி, முன்னும் பின்னும் குறுக்குக்கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்குவர். ஆணிக்கு அங்கு வேலையில்லை. கோலாமீன் பிடிக்கச் செல்லும் பெரிய மரத்திற்குக் 'கோலாமரம்' என்றே பெயர். அலை மேலே விழுந்தாலும் இடைவெளிகளின் வழியே நீர் வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் கலம் மூழ்காது.

சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்குகளையும் கரை சேர்த்தது, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு. (தைத்த கலங்கள் இந்தியப் பெருங்கடல் நாடுகள் பலவற்றிற்கும் பொது, மாலத்தீவுத் தென்னங்கயிற்றால் கலங்கள் தைக்கப்பட்டதை 14ஆம் நூற்றாண்டிலேயே இபின் பதூதா குறித்துள்ளார்.) மசூலாவும் செல்லவொண்ணாப் பேரலையில் கட்டுமரக்காரர் சென்றனர். கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தனர்.

வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் இக்கலத்தைப் பெயர் சுட்டி எழுதினார். நாளடைவில், பிணைத்துக் கட்டிய மிதவை எதனையும் ஆங்கில மாலுமிகள் அப்பெயராலேயே அழைத்தனர். 1876இல் நத்தேனியல் ஹெரெஷாஃப் என்னும் அமெரிக்கர், ஈருடல் இணைத்த 'அமரில்லிஸ்' படகை நியூயார்க் பந்தயத்தில் செலுத்திப் பிற படகுகளை எளிதில் முந்தினார். தோற்றவர் முறையிடவே அவ்வகைப் படகு பந்தயங்களினின்று விலக்கப்பட்டது. விரைவுக்குக் கிடைத்த பரிசு அது! ஆயினும் ஈருடல் அமைப்பு பசிபிக் தீவினரின் கலை. நம் கட்டுமரமோ ஒரே தெப்பம். எனவே, பந்தயப் படகைத் தமிழரே கண்டனர் என மேடைகளில் முழங்குதல் பொருந்தாது. பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது.

இனி, கலத்தின் நிலைக்கு வருவோம். 1875இல் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்லும். துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கட்டுமரத்திற்கு வேண்டுவது சரிவான மணற்கரை. கற்குவியலின்மேல் அதனை ஏற்றுவது எங்ஙனம்? மரங்களைப் பிரித்து உலர்த்துவதுதான் எங்ஙனம்? அச்சுவருக்குள் அமைந்த அமைதியான நீரிலோ, துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் பாய்மரப் படகுக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்.

பின்னர் எந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் பரவின. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகவும் அவை மிகுதியாக வழங்கப்பட்டன. தொலைவு செல்லவும் மிகுதியாக மீன் ஏற்றவும் அவை உதவுவதால் மீனவர் அவற்றை நாடியதில் குறை காண இடமில்லை. ஆனால், வினைத்தொகையின் முக்காலத்துள் இறந்தகாலம் ஒன்றே வடசென்னையில் எஞ்சும் நிலை நெருங்கியுள்ளது.

சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் இந்தியப் படகமைப்புகளைப் பற்றி எழுதினார். தமிழ் மாணவர்க்கு அதனோடு அமைதி கொள்ள இயலாது. எந்த மரம் எந்தப் பக்கம், எந்தக் கயிற்றுக்கு எந்த முடிச்சு, ஒவ்வொன்றுக்கும் குப்பத்தில் வழங்கும் பெயர் யாது என்பவை கட்டிப் பழகிய முதியவர்களைக் கேட்டே திரட்டத்தக்கவை. அவர்கள் இல்லங்கள் நம் கல்லூரியிலிருந்து பேருந்துத் தொலைவிலேயே உள்ளன.