ராத்திரி ஆனா நெட் சுத்துதா? பிளானை ஏத்துறதுக்கு முன்னாடி சேனலைப் பாருங்க!

“மாமா, ஏழு மணி ஆச்சுன்னா நெட்டு சுத்த ஆரம்பிச்சிடுது!”

திட்டக்குடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, காபி வருவதற்கு முன்பே அக்கா மகளின் புகார் வந்துவிட்டது. குரூப் 4 தேர்வுக்கு ஆன்லைனில் படிக்கிறாள். தினமும் இரவு 7 மணிக்கு லைவ் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாதிரித் தேர்வு. போன வாரம் 200 கேள்விகளில் 140-ஐத் தாண்டும்போது திரை அப்படியே நின்றுவிட, அதுவரை போட்ட பதில் எல்லாம் போச்சு. இதற்காகவே அக்கா 500 ரூபாய் பிளானை 800 ரூபாய்க்கு ஏற்றியிருந்தார். ஒரு மாற்றமும் இல்லை.

பகலில் நன்றாக ஓடி, ராத்திரியில் மட்டும் திணறினால் சந்தேகப்பட வேண்டியது இரண்டு இடங்களை. ஒன்று, வெளியிலிருந்து வரும் லைன். இன்னொன்று, வீட்டுக்குள் இருக்கும் வைஃபை. எது என்று கண்டுபிடிப்பது சுலபம். அதே ஏழு மணிக்கு லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். அதிலும் மெதுவாக இருந்தால் கனெக்‌ஷன் கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும். அக்கா வீட்டில் கேபிளில் முழு வேகம் வந்தது. ஆக, கோளாறு வைஃபையில்தான்.

ஆண்ட்ராய்டு போனில் ‘வைஃபை அனலைசர்’ வகை ஆப் ஒன்றை இலவசமாக இறக்கித் திறந்தேன். திரை முழுக்க மலை மலையாக வளைவுகள். வைத்தியநாத சுவாமி கோயில் பக்கத்துத் தெரு அது, வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர். 14 ரவுட்டர்கள் தெரிந்தன. பெரும்பாலானவை 1-லும் 6-லும் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அக்கா வீட்டு ரவுட்டர் 4-ம் சேனலில் இருந்தது.

“நான்தான் மாமா மாத்தினேன். 1-லயும் கூட்டம், 6-லயும் கூட்டம். நடுவுல 4 காலியாத்தானே இருந்துச்சு?”

நியாயமான யோசனைதான். ஆனால் கதை வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒரு ரவுட்டர் பேச, குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் 4-ல் உட்கார்ந்த ரவுட்டர் ஒரு காலை 1-ம் சேனல் எல்லையிலும் மறு காலை 6-ம் சேனல் எல்லையிலும் நீட்டிவிடும். ஒன்றையொன்று தொடாமல் நிற்பவை 1, 6, 11 மூன்றுதான்.

ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குப் புரிவதால், முறை வைத்துப் பேசும். ரேஷன் கடை வரிசை மாதிரி. நேரம் ஆகும், ஆனால் சாமான் கைக்கு வந்துவிடும். பாதி மட்டும் இடிக்கும் சேனலில் அந்தப் புரிதல் கிடையாது. ஆடி மாசத்தில் இரண்டு தெருவிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஆளுக்கொரு பாட்டுப் போட்டால் நடுவீட்டில் இருப்பவருக்கு எது கேட்கும்? அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பித்தான் நெட் சுத்துகிறது.

இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. லைசென்ஸ் இல்லாததால் எல்லோரும் அங்கேதான். ப்ளூடூத் அங்கே, மைக்ரோவேவ் அடுப்பும் 2,450 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான். ரவுட்டரை அடுப்பு பக்கத்தில் வைக்காதீர்கள்.

மாற்றுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 192.168.1.1 மாதிரி ஒரு முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். பிரவுசரில் அதைப் போட்டு உள்ளே போய், வயர்லெஸ் பகுதியில் சேனலை 1, 6, 11-ல் ஒன்றாக வையுங்கள். எதை? ஆப்பில் எண்கள் மைனஸில் வரும். -50 என்றால் பக்கத்திலேயே கத்துகிறது, -85 என்றால் எங்கோ முனகுகிறது. முனகல்கள் மட்டும் இருக்கும் சேனலே நல்லது. அக்கா வீட்டுக்கு 11 அமைந்தது. அகலத்தை 40-லிருந்து 20-க்குக் குறைக்கவும் மறக்காதீர்கள். 12, 13-ஐத் தொடாமல் இருப்பது உத்தமம். அமெரிக்காவில் வாங்கி அனுப்பிய சில போன்களுக்கு அவை கண்ணிலேயே படாது.

‘ஆட்டோ’வில் விட்டால் அதுவே பார்த்துக்கொள்ளாதா? பல ரவுட்டர்கள் ஆன் ஆகும்போது மட்டும்தான் சேனல் தேடும். கரன்ட் போய் வந்தால் தெருவே ஒரே நேரத்தில் ஆன் ஆகும், ஒரே நேரத்தில் தேடும். அந்த லட்சணத்தில் அது எடுக்கும் முடிவை நான் நம்புவதில்லை.

உங்கள் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். 2018 அக்டோபரில் அங்கே லைசென்ஸ் இல்லாத இடம் நன்றாகவே விரிந்தது, சேனல்களும் நிறைய. ஆனால் பழைய செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினாலே சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் படிப்பவர்களுக்குத்தான் அது.

800 ரூபாய் பிளானைப் பழையபடி 500-க்கு இறக்கச் சொல்லிவிட்டுத்தான் அக்கா வீட்டிலிருந்து கிளம்பினேன். ஞாயிறு ராத்திரி போன் வந்தது.

“200-ம் முடிச்சிட்டேன் மாமா. மார்க் மட்டும் கேக்காதீங்க!”