மொட்டை மாடியில் ஓர் ஐந்தொகை!

பி.காம். படித்தவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மாடித் தோட்டம் போட்டுவிட்டு மூன்றே மாதத்தில் காலிப் பைகளை மடித்து வைப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் செடி வளர்க்கத் தெரியும். கணக்குப் போடத்தான் தெரியாது!

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி எகிறியதே, ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் ரேஷன் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு விற்றார்கள். உடனே எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தக்காளி விதை விழுந்தது. நாற்றுக்கு ஒரு மாதம், நட்ட பிறகு இரண்டு மாதம். முதல் பழம் சிவப்பதற்குள் மார்க்கெட்டில் விலை தரையைத் தொட்டுவிட்டது. பை, மண், உரம் எல்லாவற்றையும் கூட்டி அடக்க விலை போட்டுப் பார்த்த எதிர்வீட்டு சார், அன்றைக்கு ரசமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதனால் முதல் பாடம்... விலையைப் பார்த்து விதைக்காதீர்கள், மாதத்தைப் பார்த்து விதையுங்கள். சென்னைக் கோடையில் தக்காளி பூக்கும், ஆனால் காய்க்காது. ராத்திரியிலும் இறங்காத சூட்டில் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் நாற்று விட்டால் மார்கழி, தையில் கூடை நிறையும். வெயிலுக்கு அஞ்சாதவை வெண்டையும் கொத்தவரையும். வெண்டை 45 நாளில் காய் கொடுக்கும். அதையும் பிஞ்சாகப் பறித்துவிட வேண்டும். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்றால் கத்திக்கே வளையாது!

எடைக் கணக்கு

எங்கள் ஹவுஸ் ஓனர் அனுமதி கொடுத்த அழகே தனி. "ஒரு சொட்டு ஒழுகினாலும் பையெல்லாம் கீழே இறங்கிடணும்மா... கூடவே நீங்களும்!"

அவர் பயம் நியாயம்தான். ஆட்கள் ஏறிப் போகிற மொட்டை மாடிக்கு, இந்தியக் கட்டட விதிகளின்படி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமைதான் கணக்கு. ஓர் அடி உயரத்துக்கு ஈரமண்ணைப் பரப்பினால் அதே இடத்தில் 500 கிலோ ஏறிவிடும். மாடியில் மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டுகிறவர்கள் தலைக்கு மேலே லாரியை நிறுத்துகிறார்கள் என்று அர்த்தம்!

வழி இருக்கிறது. இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம்... இந்தக் கலவை வெறும் மண்ணைவிட லேசு. ஐந்து கிலோ நார்க்கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் எழுபது லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். ஊறிய தண்ணீரை இரண்டு முறை வடித்துவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். பைகளை நடு மாடியில் குவிக்காமல் சுவரோரமாக, கீழே உத்தரம் ஓடுகிற இடமாகப் பார்த்து, இடைவெளி விட்டுச் செங்கல் மேல் வையுங்கள். அடியில் காற்று ஓடினால் தளமும் காயும், பையின் ஓட்டையும் அடைக்காது.

தண்ணீர்க் கணக்கு

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய ஊர் இது. செடிக்குக் குடிதண்ணீரை ஊற்ற மனசு வருமா? அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் எல்லாம் மாடிக்கு. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு லீவு. பைச் செடிகள் தாகத்தில் சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். மேலே காய்ந்த இலைச் சருகைப் பரப்பினால் ஈரம் ஓடாது.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துப் போகிறதா? பூச்சி மருந்து தேடாதீர்கள். ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் பஞ்சம் என்று தண்ணீர் விட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. அளவாக, தவறாமல் விடுங்கள். அடுத்த காய் நல்ல காய்.

பூச்சிக் கணக்கு

2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. மருந்தடித்து ஓய்ந்தார்கள். 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு குட்டியூண்டு ஒட்டுண்ணிக் குளவிதான் கணக்கை முடித்தது. நம் மாடிக்கும் அதே நியாயம். கண்டதும் மருந்தடித்தால் எதிரியோடு நம் கட்சிக்காரனும் காலி. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்கவில்லையென்றால் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய நாலு சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

மூன்றாவது மாடிக்குத் தேனீ வரவில்லையென்றால் பீர்க்கைக்கும் பூசணிக்கும் நாமே தரகர்! அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. வெறும் காம்பு என்றால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும். பூசணிக்கு முகூர்த்தம் விடிகாலை, பீர்க்கைக்குச் சாயங்காலம். ஆபீஸிலிருந்து வந்ததும் இவர் பூவும் கையுமாக மாடி ஏறுகிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒரு முழம் வந்ததில்லை!

லாபக் கணக்கு

புதுசாக ஆரம்பிப்பவர்கள் கீரையில் தொடங்குங்கள். தண்டுக்கீரை 25 நாளில் கைக்கு வரும், போட்ட பணமும் சீக்கிரம் திரும்பும். கறிவேப்பிலை, புதினா இரண்டும் நிரந்தர வைப்பு நிதி. தக்காளி, கத்திரியெல்லாம் இரண்டாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

என் நோட்டில் முதல் வருஷச் செலவு 3,400 ரூபாய். பறித்த காய்கறி, கீரையின் மதிப்பு 2,150. நஷ்டம் 1,250. ஆனால் அந்தக் கணக்கு முழுசு இல்லை.

மாமனார் தவறிய பிறகு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எங்களோடு வந்தவர் என் மாமியார். வயலும் கொல்லையுமாக வாழ்ந்தவருக்கு இங்கே இரண்டு அறையும் ஒரு ஜன்னலும். ஆறு மாசம் பேச்சே குறைந்து போயிருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில். சாப்பாடு அரை வயிறு. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மேலே பத்துப் பை வந்ததும் ஒரு நாள், "ஏம்மா, வெண்டைய இவ்ளோ நெருக்கியா வெப்பாங்க? மூச்சு முட்டாது?" என்றார். நான் எதுவும் பேசாமல் களைக்கொத்தியைக் கையில் கொடுத்தேன். இன்றைக்கு இருபத்தி எட்டுப் பைகளுக்கும் அவர்தான் ஜி.எம். காலையில் என்னை எழுப்பி வேலை வாங்குகிறார். அடுத்த பட்டத்துக்கு அவரையா, புடலையா என்று ராத்திரிச் சாப்பாட்டில் விவாதம் நடக்கிறது. சாப்பாடும் முழு வயிறு.

கையால் தொட முடியாத சொத்துக்கும் ஐந்தொகையில் ஓர் இடம் உண்டு என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குத் தொகை எழுதத்தான் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. வாடகைதான் ஏறியிருக்கிறது!