ஊருக்கு ஓடாத புகையிரதம்

பாதை வந்தால் ஊர் வளரும் என்று நாம் நம்புகிறோம். அந்தப் பாதை யாருடைய தேவைக்காக இடப்படுகிறது என்று கேட்பதோ குறைவு. பிரித்தானியாவின் வேல்ஸ் மலைப்பகுதியில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு தண்டவாளத்தின் கதை இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

1880களில் பாலா என்ற சிற்றூரையும், கற்பலகைச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற பிளைனை ஃபெஸ்டினியோக் நகரையும் புகையிரதப் பாதையொன்று இணைத்தது. இடையிலிருந்த மலைக்கிராமங்களின் விவசாயிகளும் தொழிலாளரும் அதிலே பயணம் செய்தனர்.

1957இல் லிவர்பூல் மாநகரசபை தன் நகரின் நீர்த்தேவைக்காக ஒரு பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்கப் பாராளுமன்றத்தில் சட்டம் பெற்றது. வேல்ஸ் மக்களின் எதிர்ப்பு எடுபடவில்லை. கேப்பல் கெலின் கிராமத்தின் பாடசாலை, ஆலயம், தபாற்கந்தோர், வீடுகள் யாவும் நீரில் மூழ்கின. புகையிரதப் பாதையின் ஒரு பகுதியும் மூழ்கவிருந்தது. பயணிகளும் குறைவு என்று கூறி, 1960 ஜனவரியில் பயணிகள் சேவையும், அடுத்த ஆண்டு பொருட்சேவையும் நிறுத்தப்பட்டன.

இதற்கிடையில் 1959இல், அதே பாதையோரமாக டிராஸ்வினித் ஏரிக்கரையில் அணு மின்நிலையமொன்றைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். பயன்படுத்திய எரிபொருளை ஏறத்தாழ 50 தொன் எடையுள்ள உருக்குக் கலன்களில் வெளியே அனுப்பவேண்டும். அதற்குப் புகையிரதம் தேவைப்பட்டது. பாலாப் பக்கம் பாதை அறுந்துவிட்டது. பிளைனை நகரிலோ இரு கம்பனிகளின் தண்டவாளங்கள் அரை மைல் இடைவெளியில் 80 ஆண்டுகளாக இணையாமலே கிடந்தன. அந்த இடைவெளி 1964இல் இணைக்கப்பட்டது. மின்நிலையத்துக்கு அண்மையில் பக்கப்பாதையும் பாரந்தூக்கியும் அமைந்தன. ஊராருக்கு மூடப்பட்ட பாதையில் கலன்கள் பயணம் செய்தன.

மின்நிலையம் தீமையை மட்டுமே தந்ததென்று நாம் கூறவில்லை. கற்பலகைத் தொழில் நலிந்த காலத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு அது வேலை கொடுத்தது. அந்த அரை மைல் இணைப்பும் நகருக்கு உதவியது: அதனாலேயே 1982இல் புதிய பொது நிலையமொன்று அங்கே அமைய முடிந்தது. ஆனால் 1991இல் மின்னுற்பத்தி நின்றது. 1995இல் கடைசிக் கலனும் போனபின் பக்கப்பாதையிற் புல் முளைத்தது. கேப்பல் கெலினுக்காக லிவர்பூல் மாநகரசபை மன்னிப்புக் கேட்டது 2005இல்.

பணமில்லை, பயணிகள் இல்லை என்று மூடிய பாதைக்கு, பெரிய தேவையொன்று வந்ததும் பணம் கிடைத்தது. அத்தேவை முடிந்ததும் பாதையும் முடிந்தது. ஆகவே நம் ஊருக்கு ஒரு திட்டம் வரும்போது, வேலை எத்தனை பேருக்கு என்பதோடு நின்றுவிடாது, அவர்கள் போனபின் நமக்கென்று எது எஞ்சும் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுவோம்.