முப்பது பந்துகளில் ஒரு பயிற்சி

பேஸ்பாலில் பந்தை எறியும் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் பக்கம் உள்ள ஹோம் பிளேட் என்ற தட்டுக்கு 60 அடி 6 அங்குலம். 1893இல் வகுத்த இந்தத் தூரம் இன்றும் மாறவில்லை. பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியில் பந்து தரையில் படாமல் போக வேண்டும். கிரிக்கெட்போல ஓடிவந்து வீச இடமில்லை. நின்ற இடத்தில் ஓர் அடி எடுத்துவைத்து, காலிலும் இடுப்பிலும் திரட்டிய விசையை எல்லாம் தோள் வழியாகப் பந்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த நொடியில் மேற்கை விநாடிக்கு ஏறத்தாழ 7,000 பாகை வேகத்தில் சுழல்கிறது. அந்த இழுவையை முழங்கையின் உட்புறத்தில் உள்ள ஒரு சிறு தசைநார் தாங்குகிறது. அது அறுந்துபோன டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்த அறுவை சிகிச்சைக்கு அந்த ஆட்டக்காரரின் பெயரே நிலைத்துவிட்டது. ஆக, ஒரு கையால் பழுதில்லாமல் வீசக்கூடிய பந்துகளுக்கு எல்லை உண்டு. இன்னும் நூறு வீசு என்று சொல்வது பிட்சருக்குப் பயிற்சி ஆகாது. வீசுகிற ஒவ்வொரு பந்திலிருந்தும் கூடுதலாகக் கற்கும்படி பயிற்சியை அமைப்பதே வழி.

அது எப்படி என்பதற்குச் சோதனைகளிலேயே விடை இருக்கிறது. 1978இல் கெர், பூத் என்ற இரு ஆய்வாளர்கள் எட்டு வயதுச் சிறுவர்களைச் சிறு பைகளை இலக்கில் எறியச் செய்தார்கள். ஒரு குழு 3 அடியில் மட்டுமே எறிந்து பழகியது; மற்றது 2 அடியிலும் 4 அடியிலும் மாறிமாறி எறிந்தது. கடைசியில் 3 அடியில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் ஒருமுறைகூடப் பழகாத இரண்டாம் குழுவே துல்லியமாக எறிந்தது. 1994இல் கலிஃபோர்னியாவில் கல்லூரி பேஸ்பால் அணி ஒன்றின் பேட்டர்களுக்கு ஆறு வாரம் கூடுதல் பயிற்சி அளித்தார்கள். வேகமான ஃபாஸ்ட்பால், வளைந்து விழும் கர்வ்பால், வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்அப் என வகைக்குப் பதினைந்தாக ஒவ்வொரு முறையும் 45 பந்துகள். வகைவகையாக வரிசையில் ஆடியவர்கள் 25 சதவீதம் முன்னேறினார்கள். அதே பந்துகளைக் கலந்து ஆடியவர்கள் 57 சதவீதம். இது பேட்டிங் பற்றிய சோதனைதான், பிட்சிங் பற்றியது அல்ல. ஆனாலும் காரணம் இரண்டுக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன். ஒரே பந்தைப் பதினைந்து முறை வீசும்போது, இரண்டாவது வீச்சு முதல் வீச்சைச் சற்றுத் திருத்திய நகல்தான். மூளைக்கு வேலை குறைவு. பந்தும் இலக்கும் மாறிக்கொண்டே இருந்தால், விரல் பிடியையும் விசையையும் ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி எடுப்பதில்தான் கற்றல் நடக்கிறது. ஆட்டத்திலும் ஒரே பந்தை ஒரே இடத்துக்குப் பதினைந்து முறை எவரும் வீசுவதில்லை.

எனவே 30 பந்துகள் கொண்ட ஒரு பயிற்சியை ஆட்டமாகவே நடத்தலாம். ஒருவர் பேட்டரின் இடத்தில் மட்டையை வீசாமல் நிற்கட்டும். பிளேட்டுக்கு மேலான அந்த வெளிக்குள் போனது (ஸ்ட்ரைக்) எத்தனை, விலகிப் போனது (பால்) எத்தனை என்று கணக்கு ஓடட்டும். பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் கேட்கும் பந்தை, அவர் கேட்கும் இடத்துக்குப் பிட்சர் வீசட்டும். இலக்கு எங்கே, பந்து போனது எங்கே என்று ஒருவர் எழுதிவைக்கட்டும். பயிற்சியாளர் ஒவ்வொரு பந்துக்கும் முழங்கையைத் தூக்கு, தோளைத் திற என்று குறுக்கிடாமல் இருப்பதும் இதில் அடக்கம். கவனம் உடலின் அசைவில் இருப்பதைவிட வெளியே இலக்கில் இருந்தால் செயல் சீராகிறது என்பதை கேப்ரியேல் வுல்ஃப் போன்றவர்களின் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன.

இப்படிக் கலந்து வீசினால் பந்து தாறுமாறாகப் போகிறதே, பிள்ளையின் நம்பிக்கை குலைந்துவிடாதா என்று கேட்பார்கள். அன்றைய பயிற்சியில் மோசமாகத்தான் தெரியும். அதனால்தான் பல பயிற்சியாளர்கள் இந்த முறையைப் பாதியில் கைவிடுகிறார்கள். பலனை அடுத்த வாரம் அளந்து பார்க்க வேண்டும். சேஞ்ச்அப்பின் பிடியையே அறியாத தொடக்கநிலையாளருக்கு ஒரே பந்தைத் திரும்பத் திரும்ப வீசுவது தேவைதான். அதை அருகிலிருந்து, வலைக்குள், மெதுவாகச் செய்யலாம். பிடி பழகியதும் கலப்புக்கு வந்துவிட வேண்டும்.

ஜப்பானிலிருந்து வரும் மறுப்பு இதைவிட வலுவானது. நூற்றுக்கணக்கில் வீசி உடலைப் பழக்கும் நாகேகோமி என்ற முறையில் அங்கே தலைமுறைகள் வளர்ந்தன. சிறந்த பிட்சர்களும் வந்தார்கள். உண்மைதான், ஆனால் தாக்குப்பிடித்தவர்களின் பெயரைத்தான் நாம் அறிகிறோம். 2018இல் பள்ளி அணிகளுக்கான கோஷியென் கோடைப் போட்டியில் யோஷிதா கோசெய் என்ற பள்ளி மாணவர் 881 பந்துகள் வீசியது பெரும் விவாதமானது. 2020 முதல் பள்ளிப் போட்டிகளில் ஒருவர் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது என்று விதி வந்தது. இடையில், 2019இல், இவாதே மாகாண இறுதி ஆட்டத்தில் சசாகி ரோகி என்ற பள்ளிப் பிட்சரை, காயம் நேரக்கூடாது என்று, அவருடைய பயிற்சியாளர் களமிறக்கவில்லை. அணி தோற்றது, பயிற்சியாளர்மீது கண்டனம் குவிந்தது. 2022 ஏப்ரல் 10 அன்று அதே சசாகி, எதிரணியில் ஒருவரையும் பேஸை அடையவிடாமல் முழு ஆட்டத்தையும் 105 பந்துகளில் முடித்தார். ஒருவரின் கதை எதையும் நிறுவாது என்பவர்கள், அமெரிக்காவில் 481 இளம் பிட்சர்களைப் பத்து ஆண்டு பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குக் கடும் காயம் நேரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. வேகத்தைக் கூட்ட எடைகூடிய பந்துகளை வீசச் சொல்பவர்களும் உண்டு. 2018இல் வெளியான ஒரு சோதனையில் ஆறு வாரத்தில் வேகம் கூடியது உண்மை. அப்படி வீசிய இளைஞர்களில் 24 சதவீதத்தினர் காயமும் அடைந்தார்கள். வளரும் கைக்கு அந்த விலை அதிகம்.

அமெரிக்காவில் 2014இல் வந்த பிட்ச் ஸ்மார்ட் நெறிமுறை, 9–10 வயதுக்கு நாளொன்றுக்கு 75 பந்துகள், 17–18 வயதுக்கு 105 என வரம்பு கட்டுகிறது. ஆனால் இது ஆட்டத்தில் வீசுவதற்கு மட்டுமான கணக்கு. ஆட்டத்துக்கு முந்தைய தயார்படுத்தலும், வாரநாள் பயிற்சியும் அதில் சேர்வதில்லை. கையோ எல்லாவற்றையும் சேர்த்தே சுமக்கிறது. ஆகவே பயிற்சிப் பந்துகளையும் ஆட்டப் பந்துகளையும் ஒரே நோட்டில் எழுதும் பொறுப்பைப் பயிற்சியாளரோ பெற்றோரோ ஏற்க வேண்டும். கை சோர்ந்திருக்கிறது என்று பிள்ளை சொன்னால், அன்றைய முப்பது பந்துகளில் இருபது மிச்சமிருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.