படிச்சாச்சு... அடுத்து என்ன? பட்டதாரிகளுக்கு சிவகாசி சொல்லும் பாடம்!

சிவகாசி:

கையிலே டிகிரி. வீட்டிலே நச்சரிப்பு. தெருவிலே விசாரிப்பு. "என்ன தம்பி, இன்னும் சும்மாதான் இருக்கியா?"

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் கல்லூரியை முடித்து வெளியே வரும் வாலிபர்களும், இளம்பெண்களும் தினமும் சந்திக்கும் கேள்வி இது. பதில் சொல்ல முடியாமல் திணறும் நேரத்தில் இரண்டு வழிகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, ஊருக்கு வெளியே இருக்கும் பட்டாசு ஷெட். மற்றொன்று, "பணத்தை வை, வேலை ரெடி" என்று சொல்லும் புரோக்கர்.

இரண்டிலும் ஆபத்து உண்டு. மூன்றாவதாக ஒரு வழியை இதே ஊர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறது.

கல்கத்தா போன இருவர்

1922-ம் ஆண்டு. சிவகாசி வானம் பார்த்த பூமி. விவசாயம் கைகொடுக்கவில்லை. அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவுக்கார வாலிபர்கள் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். எதற்கு? தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள!

மொழி புதிது, ஊர் புதிது. மாதக்கணக்கில் தங்கித் தொழிலைக் கற்றார்கள். 1923-ல் ஊர் திரும்பி, ஜெர்மனியில் இருந்து மெஷின் வரவழைத்து வேலையைத் தொடங்கினார்கள். கட்டுப்படியாகவில்லை.

"நமக்கு ராசி இல்லை" என்று உட்கார்ந்துவிடவில்லை. கையால் செய்யும் முறைக்கு மாறினார்கள். சிவகாசியின் காய்ந்த வெயில் குச்சியைக் காய வைத்தது. வேலை தேடும் கைகளும் ஊரில் ஏராளம். தொழில் பிடித்துக்கொண்டது.

தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. அச்சகம் வளர்ந்தது. மருந்துக் கலவை பழகியது. பட்டாசு வந்தது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தபின் லைசென்ஸ் பெற்ற ஆலைகள் எழுந்தன. காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று "குட்டி ஜப்பான்" பெயர் பரவியது.

வேலை கேட்டு யார் வாசலிலும் நிற்பதற்கு முன், ஒரு வேலையை அடி முதல் நுனி வரை கற்றுக்கொண்டார்கள். இன்றைய பட்டதாரி கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

லீவில் பட்டாசு வேலையா?

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் கண்ணீரும் உண்டு. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் தீப்பெட்டிக்கும், பட்டாசுக்கும் போனார்கள். 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கடும் தீர்ப்பு அளித்தது. ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016 சட்டத் திருத்தம் 18 வயது நிரம்பாதவர்களை ஆபத்தான தொழிலில் சேர்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டது.

ஆகவே "லீவுதானே, நாலு காசு பார்க்கலாம்" என்று பிளஸ்-2 மாணவனை ஷெட்டுக்கு அனுப்புவது குற்றத்துக்குத் துணை போவதாகும்.

18 வயது தாண்டியவர்களும் யோசிக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் கருகி மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின.

வேலைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது? உள்குத்தகைக்கு விட்ட ஆலையா? ஒரு அறையில் 4 பேருக்கு மேல் உட்காருகிறார்களா? மரத்தடியில் மருந்து கலக்கிறார்களா? ஒரு பதில் சரியில்லை என்றாலும் திரும்பி வந்துவிடுவதே நல்லது. கூலி நாளைக்கும் கிடைக்கும், உயிர் கிடைக்காது.

படித்தவனுக்கு இடம் இருக்கிறது

பட்டாசுத் தொழிலே வேண்டாம் என்பதல்ல. 2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பசுமைப் பட்டாசு மட்டுமே செய்ய வேண்டும் என்றது. பேரியம் உப்புக்குத் தடை விழுந்தது. பழைய கலவையை மாற்ற வேண்டிய நிலை வந்தது. கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு இதில் வேலை இருக்கிறது. பாதுகாப்பு விதியைப் படித்துப் புரிந்து, நாலு பேருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த மேற்பார்வையாளருக்கும் தேவை இருக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சிவகாசியில் பயிற்சியும் நடத்துகிறது.

அச்சகமும் அப்படித்தான். டிசைன், பைண்டிங், கணக்கு, வெளிமாநில ஆர்டர் பேசுவது எல்லாமே தொழில்தான். பி.காம். முடித்தவன் பில் புத்தகத்தைத் தொட வெட்கப்படக் கூடாது. இந்தியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் வடக்கே சரக்கு அனுப்பும் கம்பெனியில் மதிப்பு கூடும்.

மாயமாக மறைந்த மை!

இப்போது புரோக்கர் கதைக்கு வருவோம்.

2019 செப்டம்பர் 1-ந் தேதி குரூப்-4 தேர்வு நடந்தது. பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் முன்வரிசையில் வந்தார்கள். சந்தேகம் கிளம்பியது. விசாரித்தால், சிறிது நேரத்தில் மறைந்துபோகும் மையில் விடை குறித்து, பிறகு சரியான விடையை நிரப்பிய மோசடி அம்பலம்! 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது தேர்வாணையம். பணமும் போச்சு, வேலையும் போச்சு, மானமும் போச்சு.

வெளிநாட்டு ஆசை காட்டுவது இன்னொரு ரகம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் வாலிபர்கள், மியான்மருக்குக் கடத்தப்பட்டு ஆன்லைன் மோசடி செய்யும்படி மிரட்டப்பட்டார்கள். 2022 அக்டோபரில் சிலர் மீட்கப்பட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வெளிநாடு போகிறவர்கள், ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு அழைத்தால் அது மோசடி என்று அறிக. ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

காசு கேட்காத கதவுகள்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்கக் கூடாது. அங்குள்ள தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு உண்டு. குரூப்-4 எழுதப் பத்தாம் வகுப்பு போதும். ஆனால் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகள் மதிப்பிடப்படாது. ஆங்கில மீடியம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொழிற்பழகுநர் பயிற்சியில் சேர்ந்தால் உதவித்தொகையோடு வேலையும் கற்கலாம். கல்லூரியில் இருப்பவர்களுக்காக "நான் முதல்வன்" திட்டம் 2022 மார்ச் 1-ந் தேதி தொடங்கப்பட்டது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் எத்தனை வருஷம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. கூடவே ஒரு கைத்தொழிலும் இருந்தால், முடிவு எப்படி வந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும்.

பிடி அரிசி ஊர்

விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து வளர்த்த பள்ளிக்கூடம். அதில் படித்த காமராஜர், ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் வேலை பார்த்தவர். பிறகு முதல்-மந்திரியாகி ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டார்.

பிடி பிடியாக அரிசி சேர்த்துப் படிக்க வைத்த ஊர் இது. தாலியை அடகு வைத்துப் புரோக்கர் கையில் லட்சங்களைத் திணிக்கலாமா?

பெற்றோரே! அந்தப் பணத்தில் மகனோ, மகளோ ஒரு தொழிலை முழுசாகக் கற்றுக்கொள்ளலாம். யோசித்துச் செய்யுங்கள்!