நாற்காலிக்கும் பிறப்புப் பத்திரம் கேட்கிறார்கள்

நீங்கள் உட்கார்ந்து படிக்கும் நாற்காலி எந்த மரத்தில் செய்தது என்று கேட்டால், பால்மரம் என்று பலர் சொல்லிவிடுவீர்கள். அந்த மரம் எந்த ஊரில், யாருடைய நிலத்தில் நின்றது என்று கேட்டால்? விற்ற கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. ஆனால் ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனங்கள் நம் நாட்டுத் தளவாடப் பொருள் தொழிற்சாலைகளிடம் இப்போது கேட்பது ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான்.

மலேசியாவின் தளவாடப் பொருள் ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் ஜொகூரின் மூவார் வட்டாரத்திலிருந்து போகிறது. அந்தத் தொழிலைத் தாங்கி நிற்பது பால்மரம். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் தோட்டங்களில் விறகாகத்தான் எரித்தார்கள்; புகைக்கூடத்து அடுப்புக்கும் அதுவே போனது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் வண்டும் பிடித்து நிறம் கெட்டுவிடும் என்பதால் தச்சர்கள் அதைத் தொடமாட்டார்கள். போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980-களில் கதை மாறியது. பாட்டி காலத்தில் அடுப்புக்குள் போன மரம், இன்று அமெரிக்க வீடுகளில் சாப்பாட்டு மேசையாக நிற்கிறது.

இனி சான்றிதழுக்கு வருவோம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காட்டுக்கு: மரங்கள் அளவோடு வெட்டப்படுகின்றனவா, நீர்நிலைகளும் அங்கு வாழும் மக்களின் உரிமைகளும் காக்கப்படுகின்றனவா என்று பார்த்துத் தருவது. மற்றது, மரம் கைமாறும் தொடருக்கு: மர ஆலை, உலர்த்தும் சூளை, தொழிற்சாலை, ஏற்றுமதியாளர் என ஒவ்வொருவரும் தனித்தனியே பெற வேண்டியது. 1993-இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி., 1999-இல் தொடங்கிய பி.இ.எஃப்.சி. ஆகிய இரண்டும் உலகளவில் பெரிய அமைப்புகள். நம் நாட்டில் மலேசிய வெட்டுமரச் சான்றளிப்பு மன்றத்தின் திட்டம் 2001 முதல் நடப்பில் இருக்கிறது, 2009-இல் பி.இ.எஃப்.சி. அதை அங்கீகரித்தது.

தொழிற்சாலைக்குள் இது எப்படி நடக்கிறது? கணக்குப் பாடம் பிடித்தவர்களுக்கு இது சுவையாக இருக்கும். சான்றிதழ் பெற்ற மரத்தைத் தனியே அடுக்கி, தனியே அறுத்து, தனியே விற்பது ஒரு வழி. இடம் குறைவான ஆலைகளுக்கு அது கடினம். இன்னொரு வழி, வங்கிக் கணக்கு போன்றது. எடுத்துக்காட்டாக, 100 டன் மரம் வாங்கியதில் 40 டன் மட்டும் சான்றிதழ் பெற்றது என்றால், அறுப்பதில் தூளாகவும் துண்டாகவும் போவதைக் கழித்துவிட்டு, அந்த 40 டன்னுக்கு ஈடான அளவை மட்டும் சான்றிதழ் உள்ள பொருளாக விற்கலாம். அப்படியானால் முத்திரை ஒட்டிய நாற்காலியில் இருப்பது அந்த 40 டன் மரம்தானா? அவசியமில்லை! இது ஏமாற்று அல்ல, விதிகளே அனுமதிப்பது. மீதி மரமும் சட்டவிரோதமாக வெட்டப்பட்டதாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. முத்திரையை நம்பி வாங்குவோரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கேள்வி.

நிறுவனங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்றால், சந்தைக்குள் நுழையும் டிக்கெட்டாகத்தான். கூடுதல் விலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்தார்கள். மலேசிய மரத்தொழிலைப் பற்றி வந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: வாங்குபவர் கேட்டால் சான்றிதழ் எடுப்பார்கள், கேட்காவிட்டால் எடுக்கமாட்டார்கள். ஆண்டுதோறும் தணிக்கை, அதற்குக் கட்டணம், பதிவேடுகளைப் பார்க்கத் தனி ஆள் என்று செலவு நிற்பதில்லை. நூறு பேர் வேலை செய்யும் ஏற்றுமதி நிறுவனம் சமாளித்துவிடும். பத்துப் பேரை வைத்துக்கொண்டு நாற்காலிக் கால் மட்டும் கடைந்து கொடுக்கும் பட்டறைக்கு அது பாரம். சிறியவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரே சான்றிதழ் எடுக்க வழியிருக்கிறது. ஆனாலும் கணக்கு எழுதும் வேலை அவரவருக்கு உண்டு. இடையில் ஒரு பட்டறை சான்றிதழ் இல்லாமல் இருந்தால், அதற்குப் பிறகு வரும் எல்லாருக்கும் தொடர் அறுந்துபோகும்.

பால்மரத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காட்டை அழிக்காமல், பால் வற்றிய மரத்தை வெட்டி மறுநடவு செய்கிறோம், இதைவிடப் பசுமையான மரம் எது என்று தொழிற்சாலைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காட்டுக்கென எழுதிய விதிகளுக்குள் தோட்டத்து மரம் எளிதில் அடங்குவதில்லை. காட்டுக்கு வெளியே வளரும் மரங்களுக்கும் பி.இ.எஃப்.சி. 2018-இல் கதவைத் திறந்தது. இருந்தாலும் நம் நாட்டு ரப்பர் நிலத்தில் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. ஓரிரு ஹெக்டர் வைத்திருக்கும் ஒருவர், 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மரம் விற்பதற்காகச் சான்றிதழ் எடுப்பாரா? குத்தகைக்காரரிடம் மொத்தமாக விலை பேசி விற்றுவிடுவார். அவருடைய மரமும் பக்கத்துத் தோட்டத்து மரமும் ஒரே லாரியில் ஏறும். அந்த இடத்திலேயே பிறப்பிடம் மறைந்துவிடுகிறது.

இந்த நிலையில்தான் 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது. மரம், ரப்பர், செம்பனை உள்ளிட்ட ஏழு பொருள்களுக்கு அது பொருந்தும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்திலிருந்து வந்த பொருள் உள்ளே போக முடியாது. விளைந்த நிலத்தின் புவியிருப்பிடத்தையும் காட்ட வேண்டும். நான்கு ஹெக்டருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். சிறிய நிலத்துக்கு ஒரு புள்ளி போதும். நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை தள்ளிப்போனது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஏற்கெனவே செலவழித்து வாங்கிய சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. இடர் மதிப்பீட்டுக்கு அது உதவும், அவ்வளவே. டிக்கெட் எடுத்து வைத்திருந்தவரிடம் இன்னொரு டிக்கெட் கேட்பதுபோல் நிறுவனங்கள் முணுமுணுப்பதில் வியப்பில்லை.

எனக்குக் கவலை நிறுவனங்களைப் பற்றியல்ல. இடம் காட்ட முடிந்த பெரிய தோட்டங்களிடம் மட்டும் மரம் வாங்கினால் போதும் என்று அவை முடிவெடுத்தால், ஓரிரு ஹெக்டர்காரரின் மரம் விலைபோகாது. மறுநடவுக்கு அவர் நம்பியிருப்பது பெரும்பாலும் அந்தப் பணத்தைத்தான். கைப்பேசியில் ஒரு புள்ளியைக் குறித்துப் பதிவுசெய்ய அவருக்கு உதவ யார் போவது என்பதற்கான விடை இன்னும் தெளிவாகவில்லை. புவியியல் தகவல் தொழில்நுட்பமோ வனவியலோ படிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்று உங்கள் பயிற்றுப் புத்தகத்தின் பின்னட்டையையோ அட்டைப்பெட்டியையோ திருப்பிப் பாருங்கள். மர முத்திரைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதை அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தில் தட்டினால் எந்த நிறுவனத்துக்குரியது என்று காட்டும். மரம் நின்ற தோட்டத்தை மட்டும் காட்டாது.