நீளும் கயிறும் நெருங்கும் ரயிலும்

வெள்ளவத்தை மரைன் டிரைவில், பின்னேரம் ஐந்தரை மணிக்குப் பின், கந்தோர்களிலிருந்து வீடு திரும்புவோரைச் சுமந்த ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் வேளையில், பகல் முழுவதும் நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடந்த நாய்கள் தொடர்மாடி வீடுகளிலிருந்து தத்தம் எஜமானர்களை இழுத்துக்கொண்டு இறங்கி வருகின்றன. பத்து வருஷத்துக்கு முன் அவற்றின் கழுத்தில் சங்கிலியோ பருத்திப் பட்டியோதான் இருக்கும். இன்று பெரும்பாலும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கூடும், அதற்குள்ளிருந்து தானே நீண்டு தானே சுருங்கும் ஒரு கயிறும் இருக்கின்றன. கடைக்காரர் அதை ‘லீஷ்’ என்று சொல்லி விற்கிறார்; இக்கட்டுரையில் நான் அதைச் சுருள்கயிறு என்று அழைக்கிறேன்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை, எங்கள் ஒழுங்கையின் முகப்பில் நான் நின்றுகொண்டிருந்தபோது, நாலாம் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா ஒருவர், சீனு என்ற தமது வெள்ளைப் பொமரேனியனை அத்தகைய கயிற்றில் பிடித்துக்கொண்டு, வீதியைக் கடந்து கடற்பக்கம் வந்து சேர்ந்தார். தண்டவாளத்தருகே ஒரு காகம் எதையோ கொத்திக்கொண்டிருந்தது. நாய் அதைக் கண்டதும், கூட்டுக்குள்ளிருந்து கயிறு கிரீச்சிட்டு ஓடத் தொடங்கியதும், தெகிவளைப் பக்கமிருந்து ரயிலின் ஊதல் கேட்டதும் ஒரே க்ஷணத்தில் நிகழ்ந்தன. பெருவிரலுக்குக் கீழே பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கயிறு நின்றுவிடும். அம்மா அதை அழுத்தவில்லை. மற்றக் கையை நீட்டி, ஓடுகின்ற கயிற்றையே பிடித்தார். கயிறு அவர் விரல்களை அறுத்துக்கொண்டு ஓடியது. அவ்வழியே வந்துகொண்டிருந்த ஓர் இளைஞன் கயிற்றின்மீது காலை ஊன்றி மிதித்ததனால் மட்டுமே, தண்டவாளத்துக்கு நாலு முழம் இப்பால் சீனு நின்றது. ரயில் கடந்து சென்றது.

அவருடைய கையை நான் விரித்துப் பார்த்தேன். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் குறுக்கே ஒரே நேர்கோடு. முதலில் அது மெழுகுபோல் வெளுத்திருந்தது. பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அக்கோட்டின் நீளத்துக்கு இரத்தம் பொடிப்பொடியாகத் துளிர்த்தது. “பொத்தான் ஞாபகமே வரேல்லைத் தம்பி, கைதான் முந்திப் போச்சுது” என்றார். சுருள்கயிற்றைப் பற்றிச் சொல்லத்தக்க விஷயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விழப்போகும் குழந்தையை எட்டிப் பிடிப்பதைப்போல, ஓடும் கயிற்றைப் பிடிப்பதும் மனித சுபாவம். அந்தச் சுபாவத்தை அடக்கி, பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்துவதோ பழக்கத்தினால் மட்டுமே வரவேண்டியது. சாதாரணப் பட்டியிலோ இவ்விரண்டுக்கும் இடையே போட்டியே இல்லை, ஏனெனில் அதைப் பிடித்திருக்கும் கையே அதன் தடையும் ஆகும்.

இந்த யந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியும் ஆவலினால், பழுதாகிப்போன ஒன்றைக் காலி வீதியில் எனக்குப் பழக்கமான மணிக்கூடு திருத்துபவரிடம் கொண்டுபோனேன். “ஐயா, முகத்தைத் தள்ளி வையுங்கோ, வில்லுப் பாயும்” என்று எச்சரித்துவிட்டே அவர் கூட்டைத் திறந்தார். உள்ளே, சாவி கொடுக்கும் பழைய மணிக்கூட்டில் இருப்பதைப் போன்ற தட்டையான எஃகு வில் ஒன்று சுருண்டு கிடந்தது. அதனோடு பிணைந்த ஓர் உருளை. உருளையின் விளிம்பிலே பற்கள். நாய் முன்னே செல்லும்போது உருளை சுழன்று கயிறு அவிழ, அதே சுழற்சியால் வில் இறுகுகிறது. நாய் திரும்பி வரும்போது இறுகிய வில் தளர்ந்து கயிற்றைச் சுற்றிக்கொள்கிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு பற்களுக்கிடையே விழுந்து உருளையை நிறுத்துகிறது. நாயின் வேகம் அனைத்தையும் தாங்கி நிற்க வேண்டியது அந்த நாக்குத்தான். அது என் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரியதாக இருக்கவில்லை. வில்லின்மேல் செம்மண் பூசினாற்போலத் துரு ஏறியிருந்தது. கடற்காற்று ஜன்னற் கம்பிகளைத் தின்னும் வெள்ளவத்தையிலே, கூட்டுக்குள் புகுந்த உப்பீரமும் மணலும் அந்த வில்லை மாத்திரம் விட்டுவைக்குமா?

இக்கருவி இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1908ஆம் ஆண்டிலேயே நியூயோர்க்கைச் சேர்ந்த மேரி டெலேனி என்ற பெண்மணி, தானே சுருங்கும் நாய்க்கயிறு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அது உலகச் சந்தைக்குப் பரவியது 1970களில், ஜெர்மனியில் ஹாம்பேர்க் நகருக்கு அண்மையில் மன்ஃபிரெட் போக்டான் என்பவர் ஃபிளெக்ஸி என்ற பெயரில் அதைத் தயாரிக்கத் தொடங்கிய பின்னரேயாகும். பரந்த புல்வெளிகளும், ஆளற்ற காட்டுப்பாதைகளும், அகன்ற நடைபாதைகளும் உள்ள தேசங்களின் தேவைக்கு அது பொருந்தியது. பொருள் கப்பலேறி எங்கும் சென்றுவிடுகிறது. அது எந்த நிலத்துக்காகப் பிறந்ததோ அந்த நிலம் அதனோடு கூட வருவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது கிலோ நிறையுள்ள ஒரு நடுத்தர நாய், மணிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், ஒரு விநாடியில் ஐந்து மீட்டர் கடந்துவிடுகிறது. கடைகளில் விற்கும் சுருள்கயிறுகளிற் பல ஐந்து மீட்டர் நீளமுள்ளவை. ஆகையால், நாய் பாய்ந்ததைக் கண்ணால் கண்டு, கண்டதை மனத்தால் உணர்ந்து, உணர்ந்ததைப் பெருவிரலுக்கு அனுப்புவதற்கு நமக்குக் கிடைப்பது ஒரேயொரு விநாடி. அந்த விநாடியின் முடிவில் கயிறு இறுகும்போது, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பான சக்தி கயிற்றின் ஒரு முனையில் நாயின் கழுத்திலும், மறுமுனையில் மனிதனின் மணிக்கட்டிலும் தோளிலும் சென்று தாக்குகிறது. குறுகிய பட்டியில் இந்த வேகம் உண்டாவதற்கே இடமில்லை.

அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2001 முதல் 2020 வரையிலான இருபது ஆண்டுகளில், பட்டியில் நாயைப் பிடித்து நடந்தபோது காயமுற்று அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த வயதுவந்தோர் 4 இலட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேல் என்று கணக்கிட்டனர்; அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். விரலெலும்பு முறிவு, மூளையைத் தாக்கும் தலைக்காயம், தோள்மூட்டுச் சுளுக்கு ஆகியவையே அதிகம். இத்தொகை எல்லா வகைப் பட்டிகளையும் சேர்த்தது. சுருள்கயிற்றின் தலையில் மாத்திரம் அதைச் சுமத்துவது நியாயமாகாது. ஆயினும், அதே நாட்டில் 2008ஆம் ஆண்டு, கயிற்றின் நுனியிலுள்ள உலோகக் கொளுவி உடைந்து பிடித்திருப்பவரை நோக்கித் தெறிக்கக்கூடும் என்ற காரணத்தால், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுருள்கயிறுகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இழுத்துப் பிடித்த வில்லின் நுனியில் உலோகத் துண்டொன்று கட்டப்பட்டிருக்கிறது என்பதை, அக்கூட்டின் அழகிய நிறங்கள் நமக்கு மறக்கடித்துவிடுகின்றன.

இனிக் கொட்டாஞ்சேனைக்கு வருவோம். காலை ஏழு மணிக்கு ஜம்பட்டா வீதியில் நிற்பவருக்கு, அங்கே ஐந்து மீட்டர் என்பது எவ்வளவு பெரிய தூரம் என்பது விளங்கும். வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள், பாடசாலை வான்கள், கிடைத்த சந்துக்குள் மூக்கை நுழைக்கும் ஓட்டோக்கள், கோயிலுக்குப் பூக்கூடையோடு போகும் முதியவர்கள், தள்ளுவண்டியின் நிழலிலே படுத்திருக்கும் தெருநாய்கள் ஆகிய இத்தனைக்கும் நடுவே, வீதியின் ஓர் ஓரத்தில் மனிதரும் மறு ஓரத்தில் நாயும் நிற்க, இடையில் முழங்காலுக்குக் கீழே ஒரு மெல்லிய கயிறு! மோட்டார் சைக்கிளில் வருபவனின் கண்ணுக்கு நாய் தெரியும், மனிதர் தெரிவார், கயிறு தெரியாது. மங்கிய மாலை வெளிச்சத்தில் எனக்கே தெரிந்ததில்லை. ஓடிவரும் பிள்ளையின் கால்களை அது சுற்றினால், விழுவது பிள்ளை, இழுபடுவது நாய். இத்தகைய வீதியில் நீளும் கயிற்றை அவிழ்த்துவிடுவது, நாய்க்குச் சுதந்திரம் கொடுப்பதாக நமக்குத் தோன்றினாலும், உண்மையில் பிறர் வழியில் பொறி வைப்பதேயாகும் என்று தயக்கமின்றிச் சொல்லுவேன்.

தெருநாய்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. இலங்கையில் 1893ஆம் ஆண்டிலேயே விசர்நாய்க்கடி நோய்க்கென ஒரு கட்டளைச்சட்டமும், 1901ஆம் ஆண்டில் நாய்களைப் பதிவு செய்வதற்கென மற்றொரு கட்டளைச்சட்டமும் பிறந்தன. 2006ஆம் ஆண்டு முதல், தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை விடுத்து, கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்ற கொள்கையை அரசு மேற்கொண்டது. வைரவருக்கு வாகனமான பிராணியைக் கொல்லாதிருப்பதில் எனக்குப் பரிபூரண சம்மதம் உண்டு. ஆனால் ஒவ்வொரு தெருநாய்க்கும் ஓர் எல்லை உண்டு; அந்த எல்லைக்குள் நம் வீட்டு நாய் எஜமானரைவிட ஐந்து மீட்டர் முன்னதாகத் தனியே நுழைந்தால், சண்டை தொடங்கிய பின்னரே நாம் போய்ச் சேருவோம். தளர்ந்த கயிற்றைச் சுருட்டுவதற்கு மாத்திரமே அந்த வில்லுக்கு வலுவுண்டு. நாயைத் திரும்ப இழுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. பிறகு கயிறு இரண்டு நாய்களின் கால்களிலும் சிக்கிக்கொள்ள, அவற்றை விலக்கக் கையை நீட்டுபவர் கடிபடுவார். கடிபட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, தாமதியாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் கோப்பித்தூளும் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பது பிராணனோடு விளையாடுவதாகும்.

இவ்வளவும் சொன்ன பின், சுருள்கயிற்றின் நன்மையைச் சொல்லாமல் விடுவது தர்மமன்று. நாயின் உலகம் மூக்கில் இருக்கிறது. நாம் நடக்கும் வேகமும் நேர்வழியும் அதற்கு உரியவையல்ல. ஒரு புற்றடியில் ஐந்து நிமிஷம் நின்று மோப்பம் பிடிப்பது அதற்கு, நமக்குப் பத்திரிகை வாசிப்பதைப் போன்றது. தொடர்மாடியில் வளரும் நாய்க்கு முற்றம் என்பதே இல்லை. பழக்கப்படாத நாயை முற்றாக அவிழ்த்துவிடவும் முடியாது. நீண்ட சாதாரணக் கயிற்றைப் பிடித்தால், அது நிலத்தில் புரண்டு சேறும் மணலும் அள்ளி, நம் காலையே இடறும். இந்தச் சங்கடங்களைச் சுருள்கயிறு அழகாகத் தீர்க்கிறது. கூப்பிட்டால் திரும்பி வரும் பழக்கத்தைத் திறந்த வெளியில் கற்றுக்கொடுப்பதற்கும், வேகமாக ஓடமாட்டாத கிழட்டு நாய்க்குத் தன் மனம்போல் சஞ்சரிக்க இடம் கொடுப்பதற்கும் அதைவிடச் சௌகரியமான வஸ்து ஒன்றை நான் காணவில்லை.

ஆனால் குட்டி நாய்க்கு அதுவே முதற் பட்டியாக அமையலாகாது. அக்கயிற்றில் எந்நேரமும் ஒரு மெல்லிய இழுவிசை இருந்துகொண்டே இருப்பதால், இழுத்தால் வழி கிடைக்கும் என்ற பாடத்தையே குட்டி முதலில் படிக்கிறது. பின்னர் அதை மறக்கச் செய்வது பெரும்பாடு. வாங்குவோர், மெல்லிய கயிற்றைத் தவிர்த்து, முழு நீளமும் தட்டையான நாடாவாக உள்ளதையே கேட்டு வாங்குவது நல்லது. நாடாவும் தோலை உரிக்கும், எனினும் கத்திபோல் அறுப்பதில்லை. கொளுவியைக் கழுத்துப்பட்டியில் மாட்டாமல், நெஞ்சைச் சுற்றிய பட்டியில் மாட்டினால், திடீரென்று இறுகும் அதிர்ச்சி குரல்வளையில் விழாது. கைப்பிடி கைநழுவி விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்: வில் சுருங்க, அந்தப் பிளாஸ்டிக் கூடு தடதடவென்று நாயைத் துரத்திக்கொண்டு போகும், பயந்த நாய் இன்னும் வேகமாக ஓடும், ஓட ஓட அதுவும் விடாது பின்தொடரும். காலி வீதியில் ஒரு லாப்ரடோர் அவ்விதம் பஸ்களுக்கிடையே ஓடியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அது பிழைத்தது தெய்வாதீனம்.

என் வீட்டில் மணி என்ற நாட்டு நாய் இருக்கிறது, பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதை நான் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போது இரண்டு பட்டிகள் கொண்டுபோகிறேன். ஒழுங்கையிலும், மரைன் டிரைவிலும், ரயில் கடவையிலும் ஒரு பாக நீளமுள்ள பருத்திப் பட்டி. அதையும் கையில் சுற்றிக்கொள்வதில்லை, பெருவிரலில் கோத்து மடித்துப் பிடிப்பேன். தண்டவாளத்தைக் கடந்து மணலில் இறங்கிய பிறகு, பையிலிருந்து சுருள்கயிற்றை எடுத்து மாட்டிவிட்டு, பட்டியைக் கழற்றுவேன். மணி நண்டுப் பொந்துகளை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு போகும். கூட்டுக்குள் வில் இறுகும் ஓசை என் உள்ளங்கைக்கு மட்டும் கேட்கும். திரும்பும்போது, கடவைக்கு இப்பாலேயே மறுபடியும் பருத்திப் பட்டி. இதற்கு அரை நிமிஷம் செல்கிறது.

ஆசிரியை அம்மாவின் விரல்களில் அந்தக் கோடு இன்னும் மங்கலாக இருக்கிறது. சுருள்கயிற்றை அவர் எறிந்துவிடவில்லை. பொத்தானை அழுத்திப் பூட்டி, கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். மாலையில் சீனு ஒரு சிவப்புப் பருத்திப் பட்டியில் இறங்கி வருகிறது. சென்ற வாரம், தெகிவளைப் பக்கமிருந்து ரயில் ஊதியபோது, அது அவருடைய சேலைக் கரையோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, கடைசிப் பெட்டி மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தது.